அம்மாபேட்டைத் திண்ணையில் சைட் வேர்ட்ஸ்

ஆங்கிலம் படிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒரு கட்டு சைட் வேர்ட்ஸ் அட்டை, அதாவது பார்த்தவுடன் படித்துவிட வேண்டிய சொற்கள் எழுதிய அட்டை வாங்கிக் கொடுத்து, தினமும் இத்தனை சொல் என்று மனப்பாடம் செய்ய வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் எங்கள் சேலம் அம்மாபேட்டையில் நிறையப் பேர். கடையில் லேமினேட் செய்த அட்டை கிடைக்கிறது. போனில் வீடியோ கிடைக்கிறது. பள்ளிக்கூட டைரியிலும் பட்டியல் ஒட்டி அனுப்புகிறார்கள். நான் சில வருடங்களாக எங்கள் வீட்டுத் திண்ணையில், ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அட்டை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சொற்களை உருவம் பார்த்துப் பார்த்து மனதில் பதிய வை என்று சொல்வது திணறுகிற பிள்ளைக்கு உதவாது. ஒவ்வொரு சொல்லையும் காதால் பிரிக்க வேண்டும். எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். கூட்டத்தில் அது நடக்காது, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நடக்கும்.

இவை எந்தச் சொற்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 'தி', 'வாஸ்', 'ஆஃப்', 'தே', 'செட்', 'ஹேவ்' என்று, ஆங்கிலத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் வந்து நிற்கும் சின்னச் சொற்கள். அமெரிக்காவில் எட்வர்ட் டோல்ச் என்ற பேராசிரியர் 1936-ல் 220 சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். அதில் பெயர்ச்சொல்லே கிடையாது. பெயர்ச்சொற்கள் 95-ஐத் தனியாக வைத்தார். அவருக்குப் பிறகு எட்வர்ட் ஃப்ரை தொகுத்த பட்டியல் 1000 சொற்கள் வரை விரிந்தது. நம் ஊரில் விற்கும் அட்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து எடுத்தவைதான். சிறுவர் புத்தகம் ஒன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள், பாதிக்குப் பாதி இந்தச் சொற்களாகத்தான் இருக்கும். 'ஆப்பிள்' தெரியாவிட்டால் பக்கத்தில் படம் இருக்கிறது, பார்த்துச் சொல்லிவிடலாம். 'ஆஃப்' தெரியாவிட்டால் எந்தப் படத்தைப் பார்ப்பது? அதனால்தான் இந்தச் சொற்களில் முட்டுகிற பிள்ளை வரிக்கு வரி முட்டுகிறது.

இப்போது என்னிடம் வரும் பிள்ளை மூன்றாம் வகுப்பு. அரசுப் பள்ளி, இங்கிலீஷ் மீடியம். பெயரை எழுதப் போவதில்லை. நாளைக்கு அவளே இதைப் படிப்பாள். தெருவில் எல்லோரும் கூப்பிடுவதுபோல் பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவும் அப்பாவும் விசைத்தறியில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நிற்கிறார்கள். தறி ஷெட் வீட்டோடு ஒட்டினாற்போல் இருக்கிறது. அம்மாயி வாசலில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றுவார்.

பாப்பா படிப்பதை முதல் தடவை கேட்பவர்கள் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலப் பாடத்தை எடுத்து வைத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தாமல் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். வாய் மூன்றாவது சொல்லில் இருக்கும்போது விரல் ஐந்தாவது சொல்லில் இருக்கும். ஒரு பழைய அட்டையில் சின்னதாக ஓட்டை வெட்டி, பக்கத்தின் மேல் வைத்து, ஒரே ஒரு சொல் மட்டும் தெரியும்படி காட்டினேன். பாப்பா வரியின் தொடக்கத்தை நோக்கி விரலைக் கொண்டுபோனாள். அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடிக்கப் பார்த்தாள். பாடம் முழுக்கக் காதால் ஏறியிருக்கிறது, கண்ணால் ஒரு சொல்கூட ஏறவில்லை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது இவளும் ஒரு நொடி பின்னால் சேர்ந்து சொல்வாள். அத்தனை பேருக்கு நடுவில் எந்த டீச்சரால் கண்டுபிடிக்க முடியும்? அவ்வளவு பெரிய பாடத்தைக் கேட்டே மனதில் நிறுத்தத் தெரிந்த பிள்ளை மந்தமான பிள்ளை இல்லை. இதை அவள் அம்மாவிடம் நான் அழுத்திச் சொன்னேன். ஏனென்றால் அந்த வீட்டில் 'மந்தம்' என்ற சொல் அவள் காதுபடவே புழங்கிக்கொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் கை வைப்பதற்கு முன்னால் தமிழ் படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்தப் பிள்ளை வந்தாலும் நான் முதலில் செய்வது அதுதான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை என்றால், எழுத்தைச் சத்தமாக மாற்றும் வேலை அதற்கு ஏற்கெனவே தெரியும், ஆங்கிலத்தில் அந்த வழியை யாரும் காட்டவில்லை என்று அர்த்தம். தமிழிலும் திணறினால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பாப்பா 'பட்டம்', 'மரம்' எல்லாம் படித்தாள். 'கொ', 'கோ' வரும் இடங்களில் தடுமாறினாள். கண்ணையும் காதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள், இரண்டும் நன்றாக இருந்தன. சில பிள்ளைகளுக்கு இவையெல்லாம் சரியாக இருந்தும், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தும், எழுத்து பிடிபடவே பிடிபடாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்திருக்கிறது. அப்படிச் சந்தேகம் வந்தால் தயங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'பி'யையும் 'டி'யையும் மாற்றி எழுதுகிறது என்பதற்காக மட்டும் பயந்துவிட வேண்டாம், ஏழு வயது வரைக்கும் நிறையப் பிள்ளைகள் அப்படி எழுதும்.

நம் ஊரில் ஆங்கிலச் சொல்லைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். "எஸ் ஏ ஐ டி செட், செட்-னா சொன்னான்." நானும் இப்படித்தான் படித்தேன், நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். இதில் எழுத்தின் பெயர் இருக்கிறது, பொருள் இருக்கிறது, நடுவில் இருக்க வேண்டிய எழுத்தின் சத்தம் மட்டும் இல்லை. 'டபிள்யூ' என்ற பெயரை எத்தனை தடவை சொன்னாலும் அதற்குள்ளிருந்து 'வ' சத்தம் வராது. கெட்டிக்காரப் பிள்ளைகள் தாங்களாகவே அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். மற்ற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு தனி போன் நம்பர் மாதிரி ஆகிவிடுகிறது. எத்தனை நம்பரை ஒரு பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கும்?

லினியா ஈரி என்ற அமெரிக்க ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்தார். பார்த்தவுடன் ஒரு சொல்லைப் படித்துவிடுகிறோம் என்றால், அதன் உருவத்தைப் படமாகப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தமில்லை. அதன் ஒவ்வொரு சத்தமும் அதற்குரிய எழுத்தோடு மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர் காட்டியது. ஒழுங்கில்லாத சொற்கள்கூட அப்படித்தான் ஒட்டுகின்றன. டோல்ச் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் 'அட்', 'கேன்', 'பிக்', 'கெட்', 'டிட்' என்று எழுத்துக் கூட்டியே படித்துவிடக்கூடிய சொற்கள் நிறைய இருக்கின்றன. அவற்றையெல்லாம் மனப்பாடப் பட்டியலில் போட்டு பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

திண்ணையில் நான் வைத்திருக்கும் சாமான் மிகக் கொஞ்சம். ஒரு சிலேட்டு, சாக்பீஸ், ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா, கொஞ்சம் வெள்ளைத் துண்டு அட்டை, புளி தட்டியபோது எடுத்து வைத்த புளியங்கொட்டை ஒரு டப்பா. எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால் சொல்லை வாயால் சொல்லி, சத்தத்துக்கு ஒரு கொட்டை வைக்கச் சொல்வேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் பெயரில் உலகம் முழுக்கப் புழங்கும் முறை, கட்டம் போட்டுக் காய் நகர்த்துவார்கள். எனக்குக் காய் கிடைக்கவில்லை, கொட்டை கிடைத்தது.

'செட்' என்ற சொல்லை எடுத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். 'சொன்னான்' என்ற பொருளில் வரும் 'செட்'. பாப்பாவிடம், "செட்-னு சொன்னா என்ன தெரியுமா?" என்றேன்.

"தட்டுவடை செட்டு!" என்றாள்.

சேலத்துப் பிள்ளை வேறென்ன சொல்லும்? இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துத் தருகிற அந்த செட் இல்லாமல் எங்கள் ஊரில் சாயங்காலம் இல்லை. ஆனால் அந்தப் பதிலில் நான் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. நம் வாயில் இரண்டு 'செட்'டும் ஒன்றுபோலத்தான் வருகிறது. ஆங்கிலத்தில் 'சொன்னான் செட்' 'ஏ, பி, சி, டி' வரிசையில் வரும் 'டி' எழுத்தின் சத்தத்தில் முடிகிறது, தட்டுவடை செட் 'ட்ரெயின்' தொடங்கும் எழுத்தின் சத்தத்தில் முடிகிறது. காதில் அந்த வித்தியாசம் விழாத பிள்ளைக்குக் கடைசியில் எந்த எழுத்து போடுவது என்று எப்படித் தெரியும்? தொண்டையில் இரண்டு விரலை வைக்கச் சொன்னேன். 'டாக்' என்று சொல்லும்போது 'ட'விலேயே அதிர்கிறது. 'டேபிள்' என்று சொல்லும்போது 'டே'வின் தொடக்கத்தில் அதிர்வு இல்லை. பாப்பா விரலை எடுக்காமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். பிறகு 'சொன்னான் செட்'டை இழுத்து, கடைசியில் அதிரும்படி சொன்னாள். தட்டுவடை செட்டை வெடுக்கென்று முடித்தாள்.

அதற்குப் பிறகுதான் கொட்டை. மூன்று சத்தம், மூன்று கொட்டை. சிலேட்டில் மூன்று கட்டம் போட்டு, முதல் கொட்டையை எடுத்துவிட்டு 'எஸ்' எழுதினாள். கடைசிக் கொட்டையை எடுத்துவிட்டு 'டி' எழுதினாள். நடுவில் 'எ' சத்தம் வருகிறது, அங்கே 'இ' என்ற எழுத்தைப் போடப் போனாள். சரியான யோசனை அது. "நீ நெனச்சது சரிதான் கண்ணு, ஆனா இந்தச் சொல்லுல மட்டும் நடுக் கட்டத்துல ஏ-யும் ஐ-யும் சேந்து உக்காந்திருக்கு" என்று எழுதிக் காட்டினேன். அந்த இரண்டு எழுத்தின் மேல் மட்டும் சிவப்புப் பேனாவால் பொட்டு வைக்கச் சொன்னேன். பொட்டு வைத்த இடம்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம், மற்றதெல்லாம் படித்துவிடலாம். நான்கெழுத்து மனப்பாடம் ஒரு பொட்டாகச் சுருங்கிவிட்டது.

'வாஸ்' இன்னும் சுலபம். 'டபிள்யூ'க்குப் பின்னால் வரும் 'ஏ' நிறைய இடத்தில் இப்படித்தான் ஒலிக்கும்: 'வாட்ச்', 'வாஷ்', 'வான்ட்'. கடைசி 'எஸ்' தொண்டை அதிர வருகிறதே என்றால், 'இஸ்', 'ஹிஸ்', 'ஹேஸ்' எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆக 'வாஸ்' ஒழுங்கில்லாத சொல்லே இல்லை, அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 'ஹேவ்', 'கிவ்' இரண்டின் கடைசியிலும் எதற்கு ஒரு 'இ' என்றால், ஆங்கிலச் சொல் 'வி'யில் முடியாது என்பது அந்த மொழியின் வழக்கம், அதனால் ஒரு 'இ'யைத் துணைக்கு நிறுத்துகிறார்கள். இப்படிக் காரணம் சொல்லிவிட்டால் பிள்ளை முகத்தில் இருந்த கலக்கம் போய்விடும். தான் படிக்கிற மொழி தன்னை ஏமாற்றவில்லை என்று தெரிகிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதும் இல்லை. 'தம்பி'யில் வரும் த வேறு, 'பந்து'வில் வரும் த வேறு, 'அது'வில் வரும் த வேறு. ஒரே எழுத்துதான், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து சத்தம் மாறுகிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்தது. 'தி'யைச் சொல்லிக் கொடுக்கவும் இதே 'அது'தான் எனக்குக் கை கொடுத்தது. "அது-ன்னு மெதுவா சொல்லு, நாக்கு எங்க போவுது பாரு." பாப்பா என் வாயைப் பார்த்தாள். தறிச் சத்தத்துக்குள் வளர்ந்த பிள்ளைகளிடம் இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். உரக்கப் பேசும், எதிரில் இருப்பவர் வாயசைவைக் கண் கொட்டாமல் பார்க்கும். அந்தப் பழக்கம் இந்த வேலைக்கு எவ்வளவு உதவுகிறது என்று சொல்லி முடியாது. ஆனால் தறி ஓடும்போது அவள் வீட்டில் வைத்து இதைச் செய்யவே முடியாது. கடைசிச் சத்தமெல்லாம் அந்த டகடகவில் கரைந்துவிடும். அதனால் எங்கள் திண்ணை, இல்லாவிட்டால் தறி நிற்கிற நாள்.

ஒரே நாளில் 'தி', 'தே', 'தென்', 'தேர்', 'தெம்' என்று வரிசையாகச் சொல்லிக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அப்படிச் செய்துவிடுகிறார்கள். ஒன்றுபோல் இருக்கும் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் திணறுகிற பிள்ளை முதல் எழுத்தையும் நீளத்தையும் பார்த்து ஊகிக்கத் தொடங்கும். ஒன்று நன்றாக ஊறிய பிறகே அடுத்தது. 'வாஸ்', 'சா' இரண்டும் எழுத்து திருப்பிப் போட்ட சொற்கள், அவற்றுக்கு நடுவில் நல்ல இடைவெளி விட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று புதுச் சொல்லுக்கு மேல் போவதில்லை. பழைய சொற்களை அடுத்த நாளும், இரண்டு நாள் கழித்தும், அடுத்த வாரமும் கலந்து கலந்து கேட்பேன். மறந்துபோய் யோசித்து எடுக்கிற அந்த முயற்சியில்தான் சொல் உறுதியாகிறது.

இம்போசிஷன் எழுத வைப்பதையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்து தடவை எழுது என்றால் பிள்ளைகள் எப்படி எழுதுகின்றன என்று பக்கத்தில் நின்று பார்த்ததுண்டா? முதலில் மேலிருந்து கீழாகப் பத்து 'எஸ்'. பிறகு பத்து 'ஏ'. பிறகு பத்து 'ஐ'. கடைசியில் பத்து 'டி'. பக்கம் நிறைந்துவிடும், அந்தச் சொல்லை ஒரு தடவைகூட எழுதியிருக்காது. சத்தத்தைச் சொல்லிக்கொண்டே இரண்டு தடவை எழுதினால் அதுவே போதும்.

பொறுத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் சிரமமான வேலை. பிள்ளை ஒரு சொல்லைப் பார்த்து நிற்கும்போது நமக்குத் துடிக்கும். பாப்பாவை அழைத்துப் போக வரும் அம்மாயியால் தாங்கவே முடியாது. "சொல்லிக் குடுத்துரு கண்ணு, புள்ள தெணறுதில்ல?" என்பார். பாசத்தில் சொல்வதுதான். "இருங்கம்மா, அவளே சொல்லுவா" என்று கையைக் காட்டி நிறுத்துவேன். உதட்டை அசைத்து, கொட்டைகளைத் தொட்டுப் பார்த்து, அவள் தானாக எடுத்துச் சொல்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அழப் போகிறாள் என்று தெரிந்தால் முதல் சத்தத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். முழுச் சொல்லைச் சொல்ல மாட்டேன்.

அவள் அம்மாவின் கவலை வேறு. "எத்தன வார்த்தைங்க்கா முடிஞ்சுது? ஸ்கூல்ல லிஸ்ட்டு குடுத்துருக்காங்க, டெஸ்ட்டு வெப்பாங்க." ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து நிற்கும் அம்மாவிடம் ஆராய்ச்சி பேச முடியாது. எண்ணிக்கையைச் சொல்வதற்குப் பதிலாகப் பாப்பா முன்னால் பார்த்தே இராத ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரதம் புக்ஸ் வெளியிடும் சின்னக் கதைகள் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நிலை வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் துலிகா புத்தகங்களும் நன்றாக இருக்கும். பாப்பா மெதுவாகத்தான் படித்தாள். வாயும் விரலும் ஒரே சொல்லில் இருந்தன. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் விரலைப் பார்த்தே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கொரோனா கால இடைவெளியைச் சரிக்கட்ட 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் வந்தது, 2022-ல் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற யோசனை அதில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஒரு பிள்ளையின் விரலை இருபது நிமிடம் தொடர்ந்து பார்ப்பதற்கு ஒரு டீச்சருக்கு நேரம் எங்கே? அந்த இருபது நிமிடத்தைத் தெருவில் இருக்கும் நாம் கொடுக்கலாம். டிகிரி வேண்டாம். பிளஸ் டூ படித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கை ஒருத்தி எங்கள் அடுத்த தெருவில் இப்போது ஒரு பையனுக்குத் தொடங்கியிருக்கிறாள். கொட்டை டப்பாவில் பாதி அவளிடம் போயிருக்கிறது.

பாப்பாவும் நானும் இப்போது 'குட்', 'வுட்', 'ஷுட்' மூன்றில் இருக்கிறோம். மூன்றிலும் நடுவில் ஒரு 'எல்' சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். மூன்று கொட்டை வைத்துவிட்டு, எழுத்தைப் பார்த்துவிட்டு, "எல் எதுக்குக்கா?" என்றாள்.

"வில், ஷேல் ரெண்டுலயும் எல் இருக்குல்ல? வுட்டும் ஷுட்டும் அதுங்க வழில வந்ததுங்க. அந்தக் காலத்துல எல்-ஐயும் சேத்து சொல்லியிருக்காங்க. இப்ப சத்தம் போயிருச்சு, எழுத்து நின்னுருச்சு."

"அப்ப 'குட்'டு?"

"அதுக்கு 'கேன்'தான். எல் கெடையாது. மத்த ரெண்டயும் பாத்து அதுவும் சேத்துக்கிச்சு."

உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. அந்தச் சொல்லின் பழைய வடிவத்தில் 'எல்' இல்லை, மற்ற இரண்டின் சாயலில் பிறகு நுழைந்தது. பாப்பா சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'வுட்'டிலும் 'ஷுட்'டிலும் எல்-க்குப் பொட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். அதுங்களுக்குத்தான் காரணம் இருக்கே என்றாள். 'குட்'டில் மட்டும் எல்-இன் தலைமேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அட்டையைக் காய வைத்துவிட்டு, அடுத்த சொல்லுக்குக் கொட்டை எண்ண ஆரம்பித்தாள்.